சுங்குவார்சத்திரம்: வேலைக்குத் திரும்பியவர்கள் சொன்ன பாடம்

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் தேதி. ஒரே நாளில் உலகின் இரு மூலைகளில் இரண்டு செய்திகள்.

முதல் செய்தி அமெரிக்காவிலிருந்து வந்தது. அமேசான் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஆண்டி ஜாஸி தம் ஊழியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கொரோனாவுக்குப் பின் வாரத்தில் சில நாட்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்துப் பழகியவர்கள், 2025 ஜனவரி முதல் ஐந்து வேலை நாட்களும் அலுவலகத்திற்கு வந்தாக வேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம். யாரையும் கலந்து பேசி எடுத்த முடிவல்ல அது. மேலிருந்து வந்த உத்தரவு!

இரண்டாவது செய்தி நம் காஞ்சிபுரத்திலிருந்து வந்தது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையின் தொழிலாளர்கள் செப்டம்பர் 9-ஆம் தேதி முதல் வேலைநிறுத்தம் செய்து வந்தார்கள். ஊர்வலமாகப் புறப்பட அவர்கள் ஆயத்தமானபோது, அனுமதியில்லை என்று கூறி நூறு பேருக்கு மேல் காவல்துறை பிடித்து வைத்தது.

முதல் செய்தி நம் வீட்டுப் பட்டதாரிப் பிள்ளைகளிடையே பெரும் பேச்சானது. இரண்டாவது செய்தியை, "அது சிவப்புக் கொடிக்காரர்கள் விவகாரம், நமக்கென்ன?" என்று பலர் பக்கத்தைப் புரட்டிக் கடந்து போனார்கள். ஆனால் இரண்டும் ஒரே கேள்வியைத்தான் எழுப்புகின்றன. வேலை செய்யும் மனிதன் வேலையிடத்திற்குத் திரும்பிச் செல்லும்போது, எந்த நிபந்தனைகளோடு திரும்புகிறான்? அந்த நிபந்தனைகளை யார் எழுதுகிறார்கள்?

சமுதாய இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் இந்தக் கேள்வியைத் தங்கள் சொந்தக் கேள்வியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியாதவர்கள்

கணினி நிறுவனங்களின் கதையை முதலில் பார்ப்போம். டி.சி.எஸ். நிறுவனம் 2023 அக்டோபர் முதல் வாரத்தின் ஐந்து நாட்களும் அலுவலகம் வரச் சொன்னது. அடுத்த ஆண்டிலேயே, காலாண்டுக்கு ஒருமுறை தரும் மாறுபடும் ஊதியத்தை வருகைப் பதிவோடு இணைத்தது. வராதவருக்குப் பணம் குறையும் என்பதுதான் இதன் பொருள். சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். பிறகு பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். பெரும் சம்பளம் வாங்குகிறவர்கள்தாம். ஆனால் சேர்ந்து நின்று பேசுவதற்கு அவர்களுக்கு ஒரு மேடை இல்லை. தனித்தனியாக நின்றவர்களுக்கு இரண்டே வழிகள்தாம் இருந்தன. ஒன்று பணிவது; மற்றொன்று வெளியேறுவது.

இனி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வாருங்கள். குளிர்பதனப் பெட்டியை வீட்டிலிருந்தபடி பூட்ட முடியுமா? காரின் கதவை வீட்டுத் திண்ணையில் வைத்துப் பொருத்த முடியுமா? கொரோனா உச்சத்தில் இருந்த 2021 மே மாதம் நாடே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தது. கார் ஆலைகளுக்கு மட்டும் விதிவிலக்கு! ஒரகடத்திலுள்ள ரெனோ-நிஸான் ஆலையின் தொழிலாளர்கள், பாதுகாப்பு இடைவெளி இல்லாமல் எங்களை வேலை வாங்குகிறார்கள் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். வேலைக்குச் செல்ல மாட்டோம் என்று அறிவித்தார்கள். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே அமர்ந்து போராடினார்கள். இரண்டு ஆலைகளும் சில நாட்கள் மூடப்பட்டன. அதன் பின்னரே மீண்டும் திறக்கப்பட்டன.

அந்தத் தொழிலாளர்கள் வேலை செய்ய மறுத்தவர்கள் அல்லர். உயிருக்குப் பாதுகாப்போடு வேலை கேட்டவர்கள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது. ஆகவே பேச முடிந்தது. சங்கம் இல்லாத இடங்களில் என்ன நடக்கிறது என்பதற்கு அதே ஆண்டு டிசம்பரிலேயே ஒரு சாட்சி கிடைத்தது.

பாக்ஸ்கான் பெண்கள் கொடுத்த விலை

ஆப்பிள் கைப்பேசிகளைப் பூட்டித் தரும் பாக்ஸ்கான் ஆலையில் அப்போது ஏறத்தாழ 17,000 பேர் வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். 2021 டிசம்பர் நடுவில், அவர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றின் உணவு நஞ்சாகி இருநூற்றைம்பது பேருக்கு மேல் நோயுற்றார்கள். அவர்களில் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்ற தகவல் கூடச் சரிவரக் கிடைக்காத நிலையில், வதந்தி தீயாகப் பரவியது. டிசம்பர் 17-ஆம் தேதி இரவு அந்தப் பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் உணவுக் கூடங்களும் தங்கள் தரத்திற்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12-ஆம் தேதி, சில நூறு பேருடன் ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியது.

தரையில் படுத்து உறங்கியவர்கள், தண்ணீர் வராத கழிவறையைப் பயன்படுத்தியவர்கள் அந்தப் பெண்கள். அவர்கள் நெடுஞ்சாலைக்கு வராமல் இருந்திருந்தால் இந்த நிலை வெளியுலகுக்குத் தெரிந்திருக்குமா? 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதியை 706 கோடி ரூபாய்ச் செலவில் தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் கட்டித் திறந்தது. நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆயினும் அந்தக் கட்டடத்திற்கு ஒரு பின்னணி உண்டு. அது, நெடுஞ்சாலையில் அமர்ந்த அந்தப் பெண்களின் கண்ணீர்.

அதே பாக்ஸ்கான் ஆலையைப் பற்றி 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் மற்றொரு செய்தியை வெளியிட்டது. கைப்பேசி பூட்டும் வேலைக்குத் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்பதே அச்செய்தி. நிறுவனம் மறுத்தது; புதிதாகச் சேர்த்த பெண்களில் கால்பங்கினர் மணமானவர்களே என்றது. மத்திய அரசு அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. நம் சமுதாயத்திற்கு இதில் அக்கறை இல்லையா? கணவனை இழந்து, அல்லது கணவனால் கைவிடப்பட்டு, பிள்ளைகளோடு நிற்கும் நம் சகோதரிகள் எத்தனை பேர்! "உனக்குத் திருமணம் ஆகிவிட்டதா?" என்று கேட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பும் வழக்கம் எங்கே இருந்தாலும், அதன் முதல் அடி ஏழைக் குடும்பத்துப் பெண்ணின் வயிற்றில்தான் விழும். பள்ளிவாசல் வாசலில் கையேந்துவதைவிட, பாதுகாப்பான இடத்தில் உழைத்து உண்பது கண்ணியம் அல்லவா?

முப்பத்தேழு நாட்கள்

இப்போது சாம்சங்கிற்கு வருவோம். 2007-இல் தொடங்கப்பட்ட ஆலை அது. தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் என்று வீட்டுச் சாமான்களைச் செய்கிறது. நிரந்தரத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 1,800 பேர். பதினாறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே தொழிற்சங்கமே இல்லை. 2024-இல் தொழிலாளர்கள் ஒரு சங்கத்தை அமைத்து, பதிவுக்கு விண்ணப்பித்தார்கள். சங்கத்தின் பெயரில் தங்கள் நிறுவனத்தின் பெயர் இருக்கக் கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. பதிவு தள்ளிக்கொண்டே போயிற்று.

மாத ஊதியம் சராசரியாக 25,000 ரூபாய். அதை மூன்றாண்டுகளில் 36,000 ஆக்க வேண்டும் என்பது தொழிலாளர்களின் கோரிக்கை. இந்தப் பகுதியில் இதே போன்ற வேலைக்குக் கிடைக்கும் சராசரியைவிட 1.8 மடங்கு நாங்கள் தருகிறோம் என்பது நிறுவனத்தின் பதில். இரு தரப்பும் தத்தம் கணக்கை வைத்திருக்கலாம். பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்தான். ஆனால் பேசுவதற்கு முதலில் எதிரே ஒருவரை உட்கார வைக்க வேண்டுமே! "உங்கள் சங்கத்தை நாங்கள் ஏற்கவில்லை" என்றால் யாரோடு பேசுவது?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சாம்சங்கின் தலைவர் லீ ஜே-யோங், 2020 மே மாதம் தம் தாய்நாடான தென்கொரியாவில் மக்கள் முன் தலைதாழ்த்தி மன்னிப்புக் கேட்டார். தொழிற்சங்கம் கூடாது என்ற பழைய நிர்வாகப் போக்கை இனிக் கைவிடுகிறோம் என்று உறுதி தந்தார். சியோலில் ஒப்புக்கொண்ட நியாயம் சுங்குவார்சத்திரத்தில் மட்டும் ஏன் கசந்தது?

போராட்டம் நீண்டது. "வேலை இல்லையேல் ஊதியம் இல்லை" என்ற அறிவிப்பு வந்தது. அக்டோபர் 7-ஆம் தேதி, அமைச்சர்கள் முன்னிலையில், தொழிலாளர்களில் ஒரு பிரிவினரோடு நிர்வாகம் உடன்பாடு கண்டது. 2025 மார்ச் வரை மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்றது. சங்கம் ஏற்கவில்லை. அக்டோபர் 9-ஆம் தேதி போராட்டப் பந்தல் பிரிக்கப்பட்டது. தொழிலாளர்கள் கைது செய்யப்பட்டார்கள். பந்தல் போன பிறகும் அவர்கள் கலையவில்லை. ஆளும் கூட்டணியில் இருந்த கட்சிகளே அரசைக் கேள்வி கேட்டன. இறுதியில் அக்டோபர் 15-ஆம் தேதி, அரசின் சமரசப் பேச்சில் முடிவு ஏற்பட்டது. போராடியதற்காக யாரையும் பழிவாங்கக் கூடாது. தொழிலாளர்கள் உடனே வேலைக்குத் திரும்ப வேண்டும். கோரிக்கைகளுக்கு நிர்வாகம் சமரச அதிகாரியிடம் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். முப்பத்தேழு நாட்களுக்குப் பின், அக்டோபர் 17-ஆம் தேதி முதல் அவர்கள் ஆலைக்குள் நுழைந்தார்கள்.

அன்று அவர்கள் கையில் சங்கப் பதிவும் இல்லை. ஊதிய உயர்வும் இல்லை. "இதற்குத்தானா இத்தனை நாள்?" என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் சேர்ந்து போனார்கள். பழிவாங்கல் கூடாது என்ற உறுதிமொழியைப் பெற்றுக்கொண்டு போனார்கள். அதுதான் வித்தியாசம்!

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 2024 டிசம்பரில் உயர்நீதிமன்றம், சங்கப் பதிவு குறித்து ஆறு வாரங்களில் முடிவெடுக்கும்படி உத்தரவிட்டது. 2025 ஜனவரி இறுதியில் சங்கம் பதிவாயிற்று. பிப்ரவரியில் சங்க நிர்வாகிகள் மூவர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் மீதும் நடவடிக்கை பாய்ந்து, இடைநீக்கம் இருபதைத் தாண்டியது. மீண்டும் போராட்டம், மார்ச்சில் மீண்டும் வேலைக்குத் திரும்புதல். மே மாதம் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்று ஆண்டுகளில் மாத ஊதியம் 18,000 ரூபாய் உயர்வு. அதில் முதல் ஆண்டிலேயே 9,000 ரூபாய்.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். ஒற்றைப் பிள்ளையின் அழுகை ஆலையின் இரைச்சலில் கேட்காது. ஆயிரம் பேர் சேர்ந்து கேட்டதால் கேட்டது.

வணிகர்களே, உங்கள் கல்லாவும் இதில்தான் இருக்கிறது

"தொழிலாளிக்குச் சம்பளம் கூடினால் எனக்கென்ன? நான் கடை வைத்திருக்கிறேன்" என்று எண்ணும் வணிகர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஆயிரம் தொழிலாளர்களுக்கு மாதம் 9,000 ரூபாய் கூடினால் மாதம் 90 லட்சம் ரூபாய். இந்தப் பணம் எங்கே போகிறது? சுங்குவார்சத்திரத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள மளிகைக் கடைக்கு, மெஸ்ஸுக்கு, பிரியாணிக் கடைக்கு, ரெடிமேட் கடைக்கு, செருப்புக் கடைக்கு, அறை வாடகைக்கு! நிறுவனத்தின் இலாபம் கடல் கடந்து செல்லலாம். தொழிலாளியின் சம்பளம் பத்துக் கிலோமீட்டர் தாண்டுவதில்லை. தாண்டினாலும் அது ஊரிலுள்ள தாய் தந்தையருக்கு மணியார்டராகப் போன அந்தக் காலம் போலவே இன்றும் நம் தமிழ்நாட்டுக்குள்ளேயே போகிறது.

மாறாக, வேலை போனால் என்ன ஆகும் என்பதை நோக்கியா காட்டிவிட்டது. 2006-இல் உற்பத்தி தொடங்கி, எட்டாயிரம் பேர் வரை நேரடியாக வேலை பார்த்த ஆலை அது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி மூடப்பட்டது. அதை நம்பி அதே வளாகத்தில் இயங்கிய பாக்ஸ்கான் பிரிவும் அடுத்த மாதமே நின்றது. சால்காம்ப் நிறுவனம் அந்த ஆலையை ஏற்க 2019 இறுதியில் முன்வரும்வரை ஐந்தாண்டுகள் பூட்டிக் கிடந்தது.

"சங்கம் வைத்தால் முதலாளி ஓடிவிடுவான்; நோக்கியா ஓடவில்லையா?" என்று கேட்போர் உண்டு. நோக்கியா மூடப்பட்டதற்குக் காரணம் சங்கம் அல்ல. இரண்டாயிரம் கோடி ரூபாயைத் தாண்டிய வருமான வரி வழக்கில் ஆலை முடக்கி வைக்கப்பட்டது. அதனால், கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை மட்டும் கைமாறாமல் நின்றது. மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்தியதும் ஆலையும் நின்றது. இதில் தொழிலாளி செய்த தவறு என்ன? மறுபக்கம், 2021-இல் நெடுஞ்சாலை மறியலைக் கண்ட பாக்ஸ்கான் ஓடிப் போகவில்லை, பின்னும் விரிந்தது. சங்கம் உள்ள ஹூண்டாய் 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்துகொண்டுதான் இருக்கிறது. துறைமுகம், சாலை, மின்சாரம், தேர்ந்த கைகள் ஆகியவற்றைப் பார்த்துத்தான் முதலாளி வருகிறார். இவை இருக்கும்வரை அவர் எளிதில் எழுந்து போவதில்லை.

மார்க்கம் காட்டும் வழி

இது மார்க்கத்திற்குப் புறம்பான போராட்டம் என்று எண்ண இடமில்லை. அல்ஜும்ஆ அத்தியாயத்தை நாம் வாரந்தோறும் நினைவுகூர்கிறோம். தொழுகைக்கு அழைப்பு வந்ததும் வியாபாரத்தை விட்டுவிடச் சொல்கிற அதே இடத்தில், தொழுகை முடிந்ததும் கலைந்து சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடவும் வழிகாட்டப்படுகிறது. ஆக, வேலைக்குத் திரும்புவதும் நமக்கு மார்க்கம் சொன்ன ஒன்றுதான்.

எப்படித் திரும்புவது? மூஸா நபி (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். அடக்குமுறையாளன் ஃபிர்அவ்னிடமிருந்து தப்பி, கையில் ஏதுமின்றி மத்யனுக்கு வந்தவர் அவர். அங்கே ஒரு பெரியவர் அவரை வேலைக்கு அமர்த்துகிறார். "ஆதரவற்று வந்தவன்தானே, சொன்னபடி செய்" என்று சொல்லவில்லை. எட்டு ஆண்டுகள் என்று காலம் பேசப்படுகிறது, பத்தாக நிறைவு செய்வது வேலை செய்பவரின் விருப்பத்திற்கு விடப்படுகிறது, உமக்குச் சிரமம் தர நான் விரும்பவில்லை என்ற உறுதி முதலாளியின் வாயிலிருந்தே வருகிறது, அல்லாஹ் சாட்சியாக்கப்படுகிறான். வேலை ஒப்பந்தம் என்றால் இதுவல்லவா ஒப்பந்தம்! பலவீனமான நிலையில் நின்றவரும் நிபந்தனை பேச உரிமை பெற்றிருந்தார்.

அதே மார்க்கம் தொழிலாளிக்கும் கடமை வைத்திருக்கிறது. ஒப்புக்கொண்ட வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும். இயந்திரத்தை உடைப்பதும், வேலைக்குச் செல்லும் சகோதரனை அடிப்பதும், பொய் சொல்லிச் சம்பளம் வாங்குவதும் ஹராம். எந்தக் கொடியின் கீழ் நின்றாலும் ஹராம்தான். வேலைநிறுத்தம் கடைசி ஆயுதமாகவே இருக்க வேண்டும். சாம்சங் தொழிலாளர்கள் முப்பத்தேழு நாட்களும் அமைதி காத்தார்கள் என்பதே அவர்களுடைய பலம்.

நம் கடைக் கண்ணாடியில் நம் முகம்

அந்நிய நிறுவனத்தைக் கேள்வி கேட்கும் நாம், நம் முகத்தையும் ஒருமுறை கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும். தோல் தொழிலிலும் காலணித் தொழிலிலும், ஜவுளியிலும் ஓட்டலிலும் நம் சமுதாயத்தார் முதலாளிகளாக இருக்கிறார்கள். நம் கடையில் நிற்கும் பையனுக்கு நியமனக் கடிதம் உண்டா? வாரவிடுமுறை உண்டா? கடை ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழகம் 2021-இல் சட்டமே இயற்றியது. காலையில் பத்து மணிக்கு நிற்கத் தொடங்கி இரவு பத்து மணிக்கு உட்காரும் பெண் பிள்ளைகளைப் பார்த்து, சட்டமன்றம் இரங்கியது. எத்தனை கடைகளில் அந்த நாற்காலி வந்திருக்கிறது?

உழைத்தவனின் கூலியைத் தாமதிப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று ஜும்ஆ பயானில் கேட்டுத் தலையாட்டிவிட்டு, கடைக்கு வந்ததும் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்வோமானால், சாம்சங்கைப் பற்றிப் பேச நமக்கு என்ன அருகதை?

செய்ய வேண்டியவை

பேச்சோடு நின்றுவிடக் கூடாது. செயலுக்குச் சில யோசனைகள்:

ஒன்று: வாசலில் தேநீர் விற்பதோடு நிற்காமல், ஆலைக்குள்ளும் நம் பிள்ளைகள் நுழைய வேண்டும். 2007-இல் கிடைத்த 3.5 விழுக்காடு இட ஒதுக்கீடு அரசுப் பணிக்கும் கல்விக்கும்தான். ஒரகடத்து ஆலை வாசலில் அது செல்லாது. அங்கே செல்லுபடியாகும் சீட்டு ஐ.டி.ஐ. சான்றிதழும் டிப்ளமாவும்தான். ஆனால் அந்த ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் இடம் பிடிக்க அதே 3.5 விழுக்காடு உதவுமே! பத்தாம் வகுப்பு முடித்ததும் பாஸ்போர்ட் அலுவலகத்திற்கு ஓடும் தம்பிமார்கள், முதலில் ஒரு தொழிலைக் கையில் பிடிக்கட்டும். பிறகு வளைகுடாவுக்குப் போனாலும் தொழில் தெரிந்தவனாகப் போகலாம். ஜமாஅத்துகள் பைத்துல்மாலிலிருந்து திருமண உதவிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியையேனும் தொழிற்கல்விக் கட்டணத்திற்கு ஒதுக்கட்டும்.

இரண்டு: சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2025 நவம்பர் 21-ஆம் தேதி முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. இவற்றில் நல்லதும் உண்டு. எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தந்தாக வேண்டும், கேட்டு வாங்குங்கள். கவலைக்குரியதும் உண்டு. பதினான்கு நாள் முன்னறிவிப்பு இன்றி எந்த ஆலையிலும் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. பாதிப்பேர் ஒரே நாளில் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமாகவே கருதப்படும். ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கும் இடத்தில் 51 விழுக்காட்டினரைக் கொண்ட சங்கத்திற்கே தனித்துப் பேசும் உரிமை. அப்படியானால், சிதறி நிற்பவர்களுக்கு இனிப் பேச்சே இல்லை என்றாகிறது!

மூன்று: காண்ட்ராக்ட் வேலையில் இருப்பவர்கள் சம்பளச் சீட்டுகளையும் அடையாள அட்டைகளையும் பத்திரப்படுத்துங்கள். இரண்டாண்டு காலத்தில் 480 நாட்கள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்ற தமிழகச் சட்டம் 1981-இலேயே வந்தது. ஆனால் கையில் தாள் இல்லாதவன் எந்தச் சட்டத்தைக் காட்டினாலும் நீதிமன்றத்தில் அது நிற்காது.

நான்கு: சங்கத்தில் சேருங்கள். முஸ்லிம்களுக்கென்று தனிச் சங்கம் தேவையில்லை. எல்லாச் சமூகத்துத் தொழிலாளர்களோடும் தோளோடு தோள் நின்றால் போதும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு இடைவேளையை மாற்றித் தருவது, ரமளானில் நோன்பு திறக்கும் நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்குவது போன்ற கோரிக்கைகளைத் தனியாளாய்ப் போய் மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கேட்பதை விட, சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரியாக எழுதுவது சிறந்தது. அவர்களுடைய பொங்கல் விடுமுறைக்கும் போனசுக்கும் நீங்கள் குரல் கொடுத்தால், உங்கள் ஜும்ஆவுக்கு அவர்கள் குரல் கொடுப்பார்கள். கூட்டாக வேலை பார்த்தவர்களிடம்தான் உண்மையான மதநல்லிணக்கம் வேர் பிடிக்கும்.

ஐந்து: வட்டார வணிகர் சங்கங்கள், தொழிலாளர் பிரச்சினை எழும்போது நடுநிலை என்ற பெயரில் வாய்மூடி இருக்க வேண்டாம். கடையடைப்புச் செய்யச் சொல்லவில்லை. இரு தரப்பும் பேசித் தீர்க்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரிடம் ஒரு மனுவாவது கொடுக்கலாமே! போராட்ட நாட்களில் பழைய வாடிக்கையாளருக்குக் கடன் கணக்கில் அரிசி பருப்பு கொடுப்பதும், வாடகையைச் சற்றுப் பொறுப்பதும் நட்டமாகாது. அந்த மனிதன் வேலைக்குத் திரும்பியதும் முதலில் உங்கள் கடைக்குத்தான் வருவான்.

சமுதாயமே!

2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழி வகுக்கும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளும் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. சில நாட்களிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். ஒன்றுபட்ட குரலுக்கு அரசே இறங்கி வந்தது. சமுதாய உரிமைகளுக்காகத் தெருவில் நின்று பழகிய நமக்கு இது புதிய பாடம் அல்ல. உரிமை யாருடையது என்று பார்த்துக் குரல் கொடுப்பதை மட்டும் நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். அநீதி எவர் மீது விழுந்தாலும் அதை எதிர்ப்பவன்தான் நாளை தனக்கு அநீதி நேரும்போது துணையை எதிர்பார்க்க முடியும்.

அமேசான் ஊழியர் அலுவலகத்திற்குத் திரும்பினார். சாம்சங் தொழிலாளியும் ஆலைக்குத் திரும்பினார். குளிரூட்டிய அறையில் இருப்பவர் உத்தரவுக்குத் தனியே திரும்பினார். பந்தலைப் பிரித்த பிறகும் வெயிலில் அமர்ந்தவர் கூட்டமாய், நிபந்தனையோடு திரும்பினார். நம் பிள்ளைகள் நாளை எந்த வாசலில் நுழைந்தாலும், கணினி நிறுவனமோ, கார் ஆலையோ, நம்முடைய கடையோ, தலைநிமிர்ந்து நுழையும் நிலையை உருவாக்குவது நம் கையில் இருக்கிறது.

அதற்கான ஆற்றலையும் ஒற்றுமையையும் எல்லாம் வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! உழைப்பவரின் உரிமையை மதிக்கும் சமுதாயமாக நம்மை ஆக்குவானாக!